மாவுப்பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தொட்டியில் செம்பருத்தி வளர்த்து மாவுப்பூச்சியைப் பார்க்காதவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. முதலில் கொழுந்து சுருங்கும். மொட்டு விரியாமலே மஞ்சளாகி உதிரும். கிளை நுனியைத் திருப்பிப் பார்த்தால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் இட்லி மாவைத் தெளித்ததுபோல் வெள்ளை வெள்ளையாய் ஏதோ அப்பியிருக்கும். ஊர்ப்பக்கம் இதற்குக் கள்ளிப்பூச்சி என்று பெயர். அன்றைக்கே யாரோ சொன்ன ஒரு கரைசலைக் கலக்கி அடிப்போம். மூன்று நாளில் செடி பளிச்சென்று ஆகிவிடும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடுக்கில் அதே வெள்ளை. மருந்துக்கு வீரியம் போதவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த தடவை இரட்டை அளவு. அதற்கும் அடுத்த தடவை, நர்சரியில் பேப்பரில் சுற்றிக் கொடுத்த லேபிள் இல்லாத குட்டி பாட்டில்.

வீரியத்தில் கோளாறு எதுவும் இல்லை. வெறும் சோப்புத் தண்ணீருக்கே சாகக்கூடிய பூச்சி இது. நாம் தோற்பது நாள்கணக்கில். நாம் ஸ்பிரேயரைத் தூக்குகிற நாளில் அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் மருந்து எட்டாத இடத்திலும், மருந்து ஏறாத வயதிலும் இருக்கிறார்கள். அது எந்த இடம், எந்த வயது என்று தெரிந்துகொண்டால் சமையலறையிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாமான்களை வைத்தே இதை முடித்துவிடலாம். அசுவினி, வெள்ளை ஈ, செதில்பூச்சி என்று வீட்டுச் செடிக்கு வருகிற மற்ற சாறுறிஞ்சிகளுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எல்லாரிலும் பிடிவாதக்காரி மாவுப்பூச்சிதான். அதனால் அவளையே எடுத்துக்கொள்கிறேன்.

அவள் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. செடியில் நாம் பார்க்கிற, சாறு குடித்துப் பெருக்கிற கூட்டம் முழுக்கப் பெண்களும் குஞ்சுகளும்தான். பெண்ணுக்குக் கடைசிவரை சிறகு முளைப்பதில்லை. ஆண் பூச்சி கொசுவைவிடச் சிறியது. சிறகு உண்டு, ஆனால் சாப்பிடுவதற்கு வாய் கிடையாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்து, இணை சேர்ந்து, ஓரிரு நாளில் செத்துப்போகும். வருடக்கணக்காகச் செடி வளர்ப்பவர்கள்கூட அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெழுகுச் சட்டை

வெள்ளையாகத் தெரிவது பூச்சி இல்லை, அதன் சட்டை. தோலில் இருக்கிற நுண்ணிய துளைகள் வழியாக மெழுகு சுரந்து, தூளாகவும் இழையாகவும் உடம்பை மூடுகிறது. மெழுகில் தண்ணீர் ஒட்டாது என்பது மெழுகுவர்த்தி பிடித்த எல்லாருக்கும் தெரியும். தண்ணீரில் கலந்த மருந்தை வளர்ந்த மாவுப்பூச்சி மேல் அடித்தால், சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மழைத்துளியைப்போல் உருண்டு கீழே போய்விடுகிறது. பாட்டிலில் எழுதியிருப்பது எவ்வளவு கொடிய விஷமாக இருந்தாலும் உடம்பைத் தொட்டால்தானே வேலை.

இதைவிடப் பெரிய கோட்டை முட்டைப்பை. பெண் தன் வயிற்றுக்கு அடியில் பஞ்சுபோல ஒரு பை பின்னி, அதற்குள் வகைக்கு ஏற்ப 150 முதல் 600 முட்டைகள்வரை இடுகிறது. இட்டு முடித்ததும் அது செத்துவிடும், பை நிற்கும். நாம் அடிக்கிற எந்தக் கரைசலும் அந்தப் பஞ்சைத் தாண்டி உள்ளே போவது அபூர்வம். மருந்து அடித்த மறுநாள் தாய் வாடிக் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். பை அப்படியே இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிகிறது. முட்டையிலிருந்து மறுபடி முட்டைவரை ஏறக்குறைய ஒரு மாதம்தான்.

பொரித்து வெளியே வருகிற குஞ்சுதான் இந்தக் கதையில் நமக்குக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு. வெளிர் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், ரவைத் துகளைவிடச் சிறியது. சுறுசுறுப்பாக நடக்கும். நல்ல இடம் தேடிக் கொழுந்துக்கு ஏறும். காற்று வந்தால் பறந்துபோய்ப் பக்கத்துத் தொட்டியில் விழும். நம் சட்டையிலும் கத்தரிக்கோலிலும் ஒட்டிக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றும். ஆனால் இந்த வயதில் அதற்கு மெழுகுச் சட்டை கிடையாது. ஊசிபோன்ற வாயைத் தண்டில் இறக்கி ஓரிடத்தில் உட்கார்ந்த பிறகுதான் சட்டை தைக்கத் தொடங்குகிறது. அந்தச் சில நாள்களுக்குள் சோப்புத் தண்ணீர் பட்டால் போதும், தீர்ந்தது.

எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிவதில்லை. ஆகவே ஒரு நாள் அடிப்பது வீண். ஏழு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை, அதாவது ஒரு தலைமுறை முழுக்கக் கடக்கிற வரைக்கும் அடித்தால்தான் ஒவ்வொரு தவணையிலும் புதிதாக வெளியே வருகிற குஞ்சுகளைப் பிடிக்கலாம். இரண்டாவது வாரம் செடி சுத்தமாகத் தெரியும். பெரும்பாலோர் நிறுத்துவது அங்கேதான். நானும் பல வருடம் அங்கேதான் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

எறும்பு எதற்கு ஏறுகிறது?

செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய சத்து மிகக் குறைவு. அந்தக் குறைவான சத்துக்காக மாவுப்பூச்சி அளவுக்கு மீறிச் சாறு குடித்து, மிச்சச் சர்க்கரையை இனிப்புத் துளிகளாக வெளியே தள்ளுகிறது. செடிக்குக் கீழே தரை பிசுபிசுப்பது அதனால்தான். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூஞ்சை படர்ந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகும். அது நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி வாங்கி அடிப்பவர்கள் உண்டு. தேவையில்லை. பூச்சி போனால் பூஞ்சைக்குச் சாப்பாடு போய்விடும். அதுவரை இலைக்கு மூச்சுமுட்டாமல் இருக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். வெயிலில் காய்ந்ததும் அந்தக் கஞ்சி கரும்படலத்தோடு சேர்ந்து சருகாக உரிந்துவிழும். தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய பிறகு விவசாயிகளிடையே பரவிய வழி இது. செம்பருத்திக்கும் அப்படியே செல்லும்.

போகிற போக்கில் ஒரு விநோதம். சத்தில்லாத சாற்றை மட்டும் குடித்துப் பூச்சி எப்படி உயிர்வாழ்கிறது? அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வேண்டிய அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. எலுமிச்சை மாவுப்பூச்சியில் இது ஒரு படி மேலே போய், ஒரு பாக்டீரியாவுக்குள் இன்னொரு பாக்டீரியா குடியிருக்கிறது. 2001இல்தான் இது தெரியவந்தது. ஒரு அமினோ அமிலத்தைச் செய்துமுடிக்க மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் வேலை பார்க்கிறார்கள். பூச்சியை நசுக்குமுன் ஒரு கணம் மரியாதை செலுத்தலாம். பிறகு நசுக்கிவிடலாம்.

எறும்புக்கு வருவோம். இனிப்புத் துளிக்காக ஏறுகிற எறும்பு சும்மா நக்கிவிட்டுப் போவதில்லை. தன் பால்மாட்டுக்குக் காவல் நிற்கிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வருகிற பொறிவண்டுப் புழுவைக் கடித்து விரட்டுகிறது. அதன் உடம்பில் முட்டையிட வருகிற குளவியை அண்டவிடுவதில்லை. எறும்பைத் தடுத்த செடியில் மாவுப்பூச்சி தானாகவே குறைவதை நீங்களே பார்க்கலாம். கடிக்காத பிள்ளையார் எறும்புதானே என்று விட்டுவிடுவது தப்பு.

எறும்பைத் தடுக்கத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்வார்கள். சென்னையில் அப்படி வைத்தால் டெங்கு கொசு முதலில் வரும், மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் இரண்டாவதாக வருவார். அதைவிட, தொட்டி நிற்கிற ஸ்டாண்டின் கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலினோ கிரீஸோ தடவிவிடலாம். தூசு படிந்தால் துடைத்து மறுபடி தடவ வேண்டும். தண்டின் மேலேயே தடவாதீர்கள், பட்டை புழுங்கிப்போகும். செடியின் கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக்கூடாது. தொட்டால் எறும்புக்கு அதுவே மேம்பாலம்.

முதலில் கை, பிறகுதான் மருந்து

வீட்டுச் செடியில் நமக்கு ஒரு வசதி உண்டு, பருத்திக்காட்டு விவசாயிக்கு அது கிடையாது. மொத்தமே பத்துத் தொட்டிதான். ஒவ்வொரு இடுக்கையும் கண்ணால் பார்க்க முடியும். இந்த வசதியை விட்டுவிட்டு நேராக ஸ்பிரேயருக்குப் போவதுதான் முதல் பிழை.

கொழுந்து அடர்த்தியாகச் சுருண்டு முடிச்சுப்போல் ஆகியிருந்தால் அதைக் காப்பாற்ற முயலவேண்டாம். நான்கு விரல்கடை கீழே வெட்டி, நேராகப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். வெட்டிய கிளையை மாடி மூலையில் போட்டால், அது வாட வாடக் குஞ்சுகள் இறங்கி நடந்து திரும்பி வந்துவிடும். மக்கு உரத் தொட்டியிலும் போடாதீர்கள்.

மிச்சமிருப்பதைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும். செடிக்கு வலிக்குமோ என்று பயந்து தடவிக்கொடுக்கக்கூடாது. வாய் ஊசி தண்டுக்குள் இறங்கிய பூச்சியைப் பிரஷ் உரித்து எடுக்கும்போது அந்த ஊசி ஒடிகிறது. கீழே விழுந்தாலும் மறுபடி சாறு குடிக்க முடியாது. இந்த ஒரு வேலையிலேயே கூட்டத்தின் பெரும்பகுதியும், முக்கியமாக முட்டைப்பைகளும் போய்விடும். கழுவிய தண்ணீர் அடுத்த தொட்டிக்குள் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கிற மணி பிளான்ட், குரோட்டன், ஆர்க்கிட் மாதிரிச் செடிகளுக்குக் குழாயைப் பீய்ச்ச முடியாது. அவற்றுக்கு மருந்துக்கடையில் கிடைக்கிற 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இயர்பட்ஸை நனைத்து, ஒவ்வொரு வெள்ளைப் பொட்டின் மேலும் வைத்து எடுங்கள். ஆல்கஹால் மெழுகைக் கரைத்து உடம்பைத் தொட்டதும் பூச்சி கண்ணெதிரே பழுப்பாக மாறும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், ஆனால் மெழுகுச் சட்டைக்கு இதைவிட நேரான பதில் வேறில்லை. இது தீப்பற்றக்கூடியது; பூஜை விளக்கோ அடுப்போ எரிகிற அறையில் வேண்டாம். மெல்லிய இலைச் செடியாக இருந்தால் ஒரு இலையில் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

சோப்பும் வேப்ப எண்ணெயும்

சோப்பு எப்படிக் கொல்கிறது? சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. அது பூச்சியின் மேல்தோலில் உள்ள கொழுப்போடு கலந்து, உயிரணுக்களின் சவ்வைக் குலைத்துவிடுகிறது. பூச்சி உள்ளிருக்கும் ஈரத்தை இழந்து சாகிறது. இரண்டு விஷயங்கள் இதிலிருந்து தானாகத் தெரியும். ஒன்று, நனைந்திருக்கும்வரைதான் வேலை. காய்ந்த பிறகு இலையில் ஒட்டியிருக்கும் சோப்பால் பயனில்லை. எனவே உச்சி வெயிலில் அடித்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்து வீணாகும், இலையும் கருகும். மாலையில் அடிக்க வேண்டும். இரண்டு, பட்ட பூச்சி மட்டுமே சாகும். இலையின் அடிப்பக்கமும் இடுக்கும் சொட்டச் சொட்ட நனையாவிட்டால் அடித்ததாகக் கணக்கில்லை.

எந்தச் சோப்பு என்பதில்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் சோப்பே அல்ல, வேறு ரசாயனங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தவை. இலையின் மேல் இருக்கிற இயற்கை மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும். வாசனையும் நிறமும் இல்லாத காதி சோப்பைத் துருவி, லிட்டருக்கு ஐந்து கிராம் அளவில் கரைத்தால் போதும். வேளாண் கிடங்குகளில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு என்று ஒன்று கிடைக்கும். லிட்டருக்கு 25 கிராம் கலந்து மாவுப்பூச்சிக்கு அடிப்பது பழைய, நல்ல வழி. மாடியில் மீன் நாற்றம் ஒரு நாள் இருக்கும், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போர்த் தண்ணீரில் சோப்பைக் கலக்கினால் சில இடங்களில் நுரையே வராது. தயிர் திரிந்ததுபோல் வெள்ளைப் படிவு மிதக்கும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடித்துவைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்தக் கரைசலில் கொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. "சோப்புத் தண்ணீர் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தண்ணீர் என்பதைத்தான். மழைத் தண்ணீரோ, ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓவில் கழிவாக வெளியேறுகிற தண்ணீர் போரைவிட மோசம்.

வேப்ப எண்ணெய் வேறு மாதிரி வேலை செய்கிறது. எண்ணெய் என்ற அளவில் அது குஞ்சுகளின் மூச்சுத் துளைகளை அடைக்கிறது. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிக்கு உணவை வெறுக்கவைக்கிறது. அதோடு தோலுரிக்கும் ஹார்மோனைக் குழப்பிவிடுகிறது. குஞ்சு அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சாகிறது. எத்தனை சிக்கலான மூலக்கூறு என்றால், ஆய்வகத்தில் அதை முழுமையாகச் செய்துமுடிக்கக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன; 2007இல்தான் முடிந்தது. நம் தெருமுனை வேப்பமரம் அதை ஆண்டுதோறும் கீழே கொட்டிவிட்டுப் போகிறது.

ஆனால் வேம்பு அவசரக்காரர்களுக்கு உதவாது. அடித்த அன்று பூச்சி உயிரோடுதான் இருக்கும். வளர்ந்த பெண் இனித் தோலுரிக்கப் போவதில்லை, அதை அசாடிராக்டின் பெரிதாகத் தொடாது. மறுநாள் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வது நியாயமில்லை. வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் இதுவும் மாலை வேலைதான். செக்கில் ஆட்டிய, கசப்பும் நாற்றமும் குறையாத எண்ணெய் வேண்டும். விளக்கேற்றுவதற்கென்று விற்கிற எண்ணெயில் வேம்பு எவ்வளவு என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்.

கலக்குகிற முறையில் ஒரு சூட்சுமம். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினால் அது மேலே மிதக்கும். முதலில் வருகிற தண்ணீர் இலைக்கு, கடைசியில் வருகிற கெட்டி எண்ணெய் ஏதோ ஒரு பாவப்பட்ட கிளைக்கு; அந்தக் கிளை கருகும். ஐந்து மில்லி வேப்ப எண்ணெயோடு கரைத்துவைத்த காதி சோப்புக் கரைசலைக் கொஞ்சம் விட்டு, மோர் மாதிரி வெள்ளையாக வரும்வரை அடித்துக் கலக்கி, பிறகு ஒரு லிட்டர்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். இலையில் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிற சதைப்பற்றுச் செடிகளுக்கு எண்ணெயும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். அந்தப் பூச்சு ஒருமுறை போனால் அந்த இலைக்குத் திரும்ப வராது. அவற்றுக்கு இயர்பட்ஸ்தான்.

இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். மாடித்தோட்டக்காரர்கள் செல்லமாக 3ஜி என்று சொல்கிறார்களே, அது. ஐந்திலைக் கரைசலையும் சேர்த்துக்கொள்வோம். இவற்றைத் தயாரிக்கிறவர்களே சரியான பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: பூச்சிவிரட்டி. பறந்து வருகிற, இடம் பார்த்து உட்கார்கிற பூச்சிக்கு வாடை ஒரு தடை. ஆனால் ஊசியை இறக்கி, சட்டை தைத்து, வீடு கட்டி உட்கார்ந்துவிட்ட மாவுப்பூச்சியை எந்த வாடையும் எழுப்பிவிடாது. எழுந்து ஓடுகிற ரகமும் இல்லை அது. சுத்தம் செய்த செடிக்கு முன்னெச்சரிக்கையாக அடிக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பிக்கிடக்கிற செடிக்கு அது மருந்தில்லை.

குட்டி பாட்டில்

லேபிள் இல்லாத அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது செடிக்குள் ஊடுருவிப் பாய்கிற மருந்து. இமிடாகுளோபிரிட் அந்த வகை. வேரில் ஊற்றினாலோ இலையில் அடித்தாலோ சாற்றோடு கலந்துவிடும். சாறு குடிக்கிற பூச்சி செத்துவிடும். மெழுகு, இடுக்கு என்று நான் மேலே சொன்ன தடையெல்லாம் இதற்கு இல்லை. வேலை செய்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

கேள்வி, அந்தச் சாறு வேறு எங்கே போகிறது என்பதுதான். பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது; தேனீக்களுக்கு ஆபத்து என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் இதைத் தடைசெய்தது. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால் நம் வாய்க்கும் வருகிறது. தாளிக்கிறபோது பறித்துப்போடுகிற இலைக்கு, மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் யார்? பக்கத்துத் தொட்டிக்குத்தானே ஊற்றினேன் என்றாலும், செம்பருத்திப் பூவைத் தேநீருக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் எடுக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. சாப்பிடாத, பூக்காத, வீட்டுக்குள் இருக்கிற ஒரு அலங்காரச் செடி, வேறு எதற்கும் மசியாத நிலை, லேபிளும் அளவும் தெரிந்த மருந்து: இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். என் மாடியில் அந்த நிலை இதுவரை வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலை வெளிறி, புள்ளி புள்ளியாகி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது செஞ்சிலந்திப்பேன். எட்டுக் கால் உள்ளது, பூச்சி இனமே இல்லை. இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. அதைத் தின்கிற உயிர்களைக் கொன்று, சிலந்திப்பேனைப் பலமடங்கு பெருகவிடும். கத்திரி வெயிலில் ரோஜா அப்படிப் பாழாவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மருந்து, இலையின் அடிப்பக்கத்தில் தினமும் காலையில் தண்ணீர் பீய்ச்சுவதுதான். வறட்சியில் பெருகுகிறது, ஈரம் அதற்கு ஆகாது.

நமக்காக வேலை பார்க்கிறவர்கள்

தமிழ்நாட்டில் பலருக்கு மாவுப்பூச்சி என்ற பெயர் அறிமுகமானதே 2008க்குப் பிறகுதான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சியான பப்பாளி மாவுப்பூச்சி அந்த ஆண்டு கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்குப் பகுதித் தோட்டங்களை வெள்ளையாக்கிக்கொண்டே போனது. வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. எத்தனை மருந்து அடித்தும் நிற்கவில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, பெருக்கி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விடப்பட்டன. அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்றுதான் அதில் ஜெயித்தது. எள்ளைவிடச் சிறிய குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பூச்சி அடங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தக் குளவியின் வாரிசுகள் நம் மாடிகளில் பறந்துகொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததால் நன்றி சொல்ல ஆளில்லை.

உங்கள் செடியில் இருப்பது அதுதானா என்று தெரிய ஒரு சுலபமான சோதனை. நாலைந்து பூச்சிகளை ஆல்கஹாலில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி என்றால் ஓரிரு நாளில் நீலக்கறுப்பாக மாறிவிடும். நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். நசுக்கியதும் செம்பழுப்பாக வந்தால் அது செம்பருத்தியின் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியாக இருக்கலாம். நம் பக்கத்துப் பழைய ஆள் அது. 1994இல் கரீபியத் தீவான கிரெனடாவுக்குப் போய் அங்கே பெரிய அழிவை உண்டாக்கியது. இங்கே அதற்குப் பகைவர் பலர். அங்கே ஒருவரும் இல்லை.

அந்தப் பகைவர்களில் ஒருவரை நாமே அடிக்கடி கொல்கிறோம். ஆஸ்திரேலியாவின் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு 1898இல் காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்கு வந்தது. மாவுப்பூச்சிக்கு அதுதான் எமன். அதன் புழு பார்ப்பதற்கு அச்சு அசலாக மாவுப்பூச்சியே. அதே வெள்ளை மெழுகு இழைகள், சற்று நீளமாக. எறும்பை ஏமாற்றப் போட்ட அந்த வேஷத்தில் நாமும் ஏமாறுகிறோம். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய, ஒரு சென்டிமீட்டரையும் தாண்டக்கூடிய, வேகமாக நடக்கிற வெள்ளையனைப் பார்த்தால் பிரஷைக் கீழே வையுங்கள். அந்தக் கிளைக்கு அந்த வாரம் மருந்து வேண்டாம்.

இன்னொரு விருந்தாளி, ஒரு பட்டாம்பூச்சி. ஸ்பால்ஜிஸ் எப்பியஸ் என்பது அறிவியல் பெயர். கம்பளிப்புழு என்றால் இலை தின்னும் என்றுதான் நினைப்போம். இதன் புழு மாவுப்பூச்சியைத் தின்று, அதன் மெழுகையே முதுகில் பூசிக்கொண்டு திரியும். கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தால் அப்படியே ஒரு குரங்கு முகம். தண்டில் அரை விரல் நகம் அளவில் குரங்கு முகம் ஒட்டியிருந்தால் பயப்படாமல் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

கள்ளிப்பூச்சி என்ற பெயருக்கு ஏற்ற பழைய கதையும் ஒன்று உண்டு. மாவுப்பூச்சிக்கு உறவான, அதேபோல் வெள்ளைப் பஞ்சு மூடிய கோச்சினீல் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அதை இங்கே வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு வந்து சேர்ந்ததோ தப்பான வகை. சாயம் தேறவில்லை, கள்ளியைத் தின்று தீர்த்தது. அதுவே பிறகு கள்ளியை ஒழிக்கும் வழியாயிற்று. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைக் கோச்சினீல் கொண்டுவரப்பட்டு, தென்னிந்தியாவில் புதர் புதராய் மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளி அடங்கியது. நம் தொட்டிக்கு எதிரியான குடும்பம் தாத்தா காலத்துக் காட்டுக்குக் கூலியில்லாத ஆள்.

எங்கிருந்து வருகிறது

வீட்டுக்குள் இருக்கிற செடிக்கு இந்தக் குளவியும் வண்டும் வரமாட்டா. அங்கே முழுப் பொறுப்பும் நம்முடையது. பெரும்பாலும் மாவுப்பூச்சி வீட்டுக்குள் நுழைவது நர்சரியிலிருந்து வாங்கிவந்த புதுத் தொட்டியோடுதான். புதுச் செடியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள். வாங்கும்போதே தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. வேரைச் சுற்றி வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மேலே எவ்வளவு அடித்தாலும் பயனில்லாத வகை. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, புது மண்ணில் நட்டால்தான் போகும்.

மாடிக்கு வருகிற வழி வேறு. பக்கத்துக் காலிமனையில் நிற்கிற பார்த்தீனியமும் துத்தியும்தான் அதன் தாய்வீடு. கோடைக் காற்றில் குஞ்சுகள் அங்கிருந்து கிளம்பி வருகின்றன. அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் வந்தவை எந்தச் செடியில் செழிக்கும் என்பது நம் கையில் இருக்கிறது. பூக்கவில்லையே என்று யூரியாவோ, அளவுக்கு மீறிக் கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ ஊற்றினால் செடி கொழுகொழுவென்று மென்மையான தளிர் விடும். சாற்றில் தழைச்சத்து ஏறும். சத்தில்லாத சாற்றைக் குடித்துச் சமாளிக்கிற பூச்சிக்கு அது கல்யாண விருந்து. முட்டை அதிகம், வளர்ச்சி வேகம். பூச்சி இருக்கிற செடிக்கு உரத்தை நிறுத்துவது முதல் மருந்து என்றே சொல்வேன். வாடிய செடிக்குத் தெம்பு வரட்டும் என்று உரம் போடுவதுதான் நம் வழக்கம். அந்தத் தெம்பு போய்ச் சேர்வது வேறு வயிற்றுக்கு.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும், தண்டு முழுக்கப் பட்டை இடுக்குகளில் வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடலாம். ஒரு செடிக்காகப் பத்துச் செடியைப் பணயம் வைப்பதில் புண்ணியமில்லை. தூக்கிப்போடுமுன், சுத்தமாக இருக்கிற ஒரு கிளையில் ஒரு சாண் பதியன் குச்சி வெட்டி, இலைகளை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் முழுக்க அமுக்கி, கழுவி, புது மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். செம்பருத்திக் குச்சி ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் துளிர்த்துவிடும். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கழுவும்போது தொட்டி விளிம்பின் உட்சுருட்டலிலும் அடியிலுள்ள துளைகளிலும் பிரஷை விட்டுத் தேயுங்கள். முட்டைப்பைகள் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.